30 இன்ச் மேசை வேண்டாம்: வீட்டு ஸ்டூடியோ மேசைக்கு எப்படி அளவெடுப்பது?

கேள்வி: திருச்சியில் வாடகை வீடு. 10க்கு 11 அடி அறை ஒன்றை ரெக்கார்டிங்குக்கு ஒதுக்கியிருக்கிறேன். என் உயரம் 168 செ.மீ. தினமும் ஆறு மணி நேரம் எடிட்டிங்கும் மிக்ஸிங்கும், ஒரு மணி நேரம் கீபோர்டு வாசிப்பும். 88 கீ கீபோர்டு (நீளம் 131 செ.மீ., அகலம் 31, உயரம் 10), இரண்டு யமஹா எச்எஸ்5 ஸ்பீக்கர், 27 இன்ச் மானிட்டர், ரேக்கில் (கருவிகளை அடுக்கிப் பூட்டும் பெட்டி) பூட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) ஒன்று உண்டு. இப்போதிருப்பது சாதாரண 30 இன்ச் உயர மேசை. தோள்பட்டை வலி விடுவதில்லை. கீபோர்டை உள்ளே தள்ளும் தட்டு வைத்துப் புது மேசை செய்யலாம் என்றிருக்கிறேன். கார்பெண்டரிடம் என்ன அளவு சொல்வது?

பதில்: தள்ளு தட்டை விட்டுவிடுங்கள். மேசை உயரத்தை 26 இன்ச்சுக்கு இறக்குங்கள். கீபோர்டை மேசைக்கு இடது பக்கம் தனி ஸ்டாண்டில் வையுங்கள். ஏன் என்பது உங்கள் உடம்பு அளவைப் பார்த்தால் தெரியும்.

வீட்டில் நாம் செருப்பில்லாமல் உட்காருகிறோம். வெளிநாட்டு அட்டவணைகளில் ஷூவுக்கென இரண்டரை செ.மீ. வரை சேர்த்திருப்பார்கள். அதை நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள். பாதம் முழுசாகத் தரையில் பதிந்து, முழங்கால் நேர்கோணத்தில் மடங்கும்படி உட்கார்ந்து, இன்னொருவரைவிட்டு நான்கு உயரங்களைத் தரையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்: சீட், தொடையின் மேல்பக்கம், தோளைத் தளரவிட்டு மடக்கிய முழங்கையின் அடிப்பக்கம், கண். 168 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 43, 57, 65, 115 செ.மீ. வரும். கீழே இந்த எண்களை வைத்தே கணக்குப் போடுகிறோம். உங்களுக்கு வேறு வந்தால் அந்த வித்தியாசத்தை எல்லாவற்றிலும் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

30 இன்ச் என்றால் 76 செ.மீ. உங்கள் முழங்கையோ 65ல் இருக்கிறது. மவுஸைத் தொட ஒவ்வொரு முறையும் கையை 11 செ.மீ. தூக்க வேண்டும். தோளைக் கழுத்தோடு ஏற்றிப் பிடிக்காமல் அது நடக்காது. ஆறு மணி நேரம் அப்படிப் பிடித்தால் வலிக்கத்தான் செய்யும். நாற்காலியை ஏற்றினால் கை சரியாகும், ஆனால் கால் தொங்கும், சீட்டின் முன்விளிம்பு தொடையை அழுத்தும். பழைய மேசையையே வைத்துக்கொள்வதானால் நாற்காலியை 10 செ.மீ. ஏற்றி, அதே உயரத்துக்குக் காலுக்கு ஒரு பலகை போடுவதுதான் வழி. வலிக்கு உடனடி நிவாரணமும் அதுவே; இன்றைக்கே செய்யலாம்.

இனி தள்ளு தட்டு. தொடைக்கு மேல் 2 செ.மீ. காற்றிடம், 1.8 செ.மீ. பிளைவுட், அதன் மேல் கீபோர்டு. கீயின் மேல்பரப்பு கீபோர்டின் அடியிலிருந்து எட்டரை செ.மீ. என்று வையுங்கள். ஆக, தொடையிலிருந்து கீ வரை 12.3 செ.மீ. தொடைக்கும் முழங்கைக்கும் நடுவே இருப்பதோ 8 செ.மீ.தான். நாற்காலியை ஏற்றினாலும் இறக்கினாலும் தொடையும் முழங்கையும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், இந்த நாலேகால் செ.மீ. இடைஞ்சல் எந்தச் சீட் உயரத்திலும் போகாது. போதாக்குறைக்கு, கீபோர்டு நாப்களோடு உள்ளே போக மேல் பலகை 76 செ.மீ.க்கு வந்துவிடும். விட்டொழிக்க நினைத்த அதே உயரம்! 131 செ.மீ. அகலமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள தட்டுக்கு இன்னொரு கெட்ட பழக்கம்: ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் குறுக்காகத் திரும்பி, டெலஸ்கோபிக் சேனலில் (தட்டு ஓடும் இரும்புத் தடம்) சிக்கிக்கொள்ளும். நாள் முழுக்க வாசித்துக்கொண்டே கம்போஸ் செய்பவராக இருந்தால் கீபோர்டை முன்னால் நிரந்தரமாக வைக்கச் சொல்லியிருப்போம். உங்களுக்கு மவுஸ் ஆறு மணி நேரம், கீபோர்டு ஒரு மணி நேரம். முன்னிடம் மவுஸுக்கே.

மேசைப் பலகை 150க்கு 70 செ.மீ. மேல்பரப்பு தரையிலிருந்து 66. 19 மி.மீ. பிளைவுட்டோடு இருபுற லேமினேட்டும் (மைக்கா) சேர்ந்து 21 மி.மீ. வரும், அடிப்பக்கம் 64க்குச் சற்றுக் குறைவாக நிற்கும். தொடைக்கு 6 செ.மீ.க்கும் மேல் இடம் கிடைக்கிறது. இதில் டிராயர் கேட்காதீர்கள், முன்பக்கம் தொங்குபட்டையும் கூடாது. இரண்டுமே அந்த 6 செ.மீ.யைத் தின்றுவிடும். கார்பெண்டர் வழக்கமாக இன்ச், நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) கணக்கில் போவார். முழு அளவு 26 இன்ச் என்று சொன்னாலும் வரைபடத்தை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள்.

பிளைவுட்டில் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) கிரேடு, ஐஎஸ் 303 முத்திரை உள்ளது போதும். பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். ஈரம் பட்டால் ஊதும், ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ அதில் மறுபடி பிடிக்காது. வாடகை வீட்டுக்காரருக்கு இந்த இரண்டாவது காரணமே போதும். 8க்கு 4 ஷீட் ஒன்றில் மேசைப் பலகையும் ரேக் பெட்டியும் அடங்கும். மைக்காவை மேலே மட்டும் ஒட்டி முடித்துவிடுவது பரவலான வழக்கம். ஒரு பக்கம் ஈரம் இழுக்க, மறுபக்கம் மூடியிருக்க, சில மாதத்தில் பலகை வளையும். அடிப்பக்கமும் ஒட்டச் சொல்லுங்கள், மலிவான 0.8 மி.மீ. லேமினேட் ஆனாலும் சரி. மேலே மேட் ஃபினிஷ். பளபளப்பு வெள்ளையில் விளக்கு கண்ணில் அடிக்கும். முன்விளிம்புக்கு டேப் ஒட்டாமல், தேக்கு பீடிங் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து ரவுட்டரில் (விளிம்பு செதுக்கும் மெஷின்) நன்றாக உருட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டு நாள் முழுக்க அதன் மேல்தான் படுத்திருக்கும்.

19 மி.மீ. பலகை 150 செ.மீ. தூரத்தைத் தனியாகத் தாங்காது, நடுவில் தொய்யும். அடியில் 40க்கு 40 மி.மீ., 16 கேஜ் எம்எஸ் (இரும்பு) சதுரக் குழாயில் ஃபிரேம் வேண்டும். கிரில் பட்டறையில் செய்துவிடுவார்கள். 20 அடி குழாய் இரண்டு வாங்கினால் போதும். முன் குறுக்குக் குழாயை விளிம்பிலிருந்து 20 செ.மீ. உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அங்கே அடிப்பக்கம் 60 செ.மீ. ஆகிவிடும். ஆனால் அந்த இடத்தில் வருவது தொடையின் தடித்த பகுதியல்ல, முழங்கால் பக்கம். அது தாழ்வாக இருப்பதால் இடிக்காது. பின்கால்கள் இரண்டையும் இணைத்து, பாதி உயரத்தில் இன்னொரு குழாய் கட்டாயம். அதை விட்டால் மேசை பக்கவாட்டில் ஆடும். நீளக் குழாய்களைக் கால்களோடு வெல்டு வைக்காமல் எம்8 போல்ட் போட்டால், வீடு மாறும்போது கழற்றித் தட்டையாக எடுத்துப் போகலாம். கால் நுனியில் திருகி ஏற்றி இறக்கும் ரப்பர் பாதம் போடுங்கள். அதன் உயரத்தைக் குழாய் அளவிலிருந்து கழிக்க மறந்தால் மேசை 68ல் போய் நிற்கும்.

கீபோர்டு ஸ்டாண்டு மேசையோடு ஒட்டக் கூடாது. அழுத்தி வாசிக்கிற அதிர்வு மானிட்டரையும் மவுஸையும் ஆட்ட வேண்டியதில்லை. அதே பட்டறையில் இரண்டு பக்கச் சட்டங்கள், அவற்றைப் பின்னால் இணைக்கும் ஒரு குழாய், அவ்வளவுதான். தொடைக்கு மேலே பலகை எதுவும் வராது. கீபோர்டின் ரப்பர் பாதங்கள் பக்கச் சட்டங்களில் உட்காரும், நடுவில் 90 செ.மீ. திறந்திருக்கும். சட்டத்தின் மேல்பரப்பு 59ல் இருந்தால் கீ 67.5க்கு வரும். முழங்கையைவிட இரண்டரை செ.மீ. உயரம், ஒரு மணி நேர வாசிப்புக்குப் பழுதில்லை. பலகையின் கனத்தை எடுத்துவிட்டதுதான் இங்கே லாபம். சட்டம் கீபோர்டு அடியில் காற்றுத் துவாரமோ மெல்லிய பிளாஸ்டிக்கோ உள்ள இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையை 10 அடிச் சுவரின் நடுவில், அதைப் பார்த்தபடி போடுங்கள். இருபுறமும் 77 செ.மீ. மிஞ்சும், இடப்பக்க இடைவெளிக்கு நேராக, உங்களை நோக்கி நீள்வது கீபோர்டு. ஸ்பீக்கரை மேசை மேல் வைக்காதீர்கள். பலகை சேர்ந்து அதிர்ந்து கீழ்ஸ்தாயியைக் குழப்பும். மேசையின் பின்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே 50 செ.மீ. விட்டு, அதற்குள் தனி ஸ்டாண்டு. எச்எஸ்5க்குக் காற்றுத் துளை பின்பக்கம் இருக்கிறது, சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வையுங்கள். இரண்டு ட்வீட்டருக்கும் (ஸ்பீக்கரில் மேல்ஸ்தாயி ஒலியைத் தரும் சிறிய பகுதி) நடுவே 110 செ.மீ., ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கு அதே 110. காது சுவரிலிருந்து 135 செ.மீ. வாக்கில் வரும். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர ஸ்டாண்டு 94 செ.மீ. சுமார், ஸ்பீக்கரை நீங்களே அளந்து முடிவு செய்யுங்கள். 75 மி.மீ. சதுரக் குழாய், அடியில் 30க்கு 30 செ.மீ., 6 மி.மீ. தகடு. குழாய்க்குள் நன்றாகக் காய்ந்த மணலை நிரப்பினால் ஒவ்வொன்றிலும் ஏழு கிலோவுக்கு மேல் பிடிக்கும், மணியடிப்பது போன்ற ஓசை நின்றுவிடும். ஈர மணல் போட்டால் உள்ளே துரு.

மேசைப் பரப்பிலிருந்து எதிரொலித்து வரும் ஒலி நேர் ஒலியோடு மோதும், மேசை இருக்கும்வரை இது முழுசாகத் தீராது. 1 மீட்டர் தூரத்தில் கணக்கிட்டால், 76 செ.மீ. மேசையில் முதல் பள்ளம் (ஒலி குறைந்து கேட்கும் இடம்) 640 ஹெர்ட்ஸ் பக்கம் விழும், 66ல் 430 பக்கம். இடம் மாறுமே தவிர ஒழியாது. எனவே நடு ஸ்தாயியில் கேட்பதை அப்படியே நம்பாமல் ஹெட்ஃபோனில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கீழ்ஸ்தாயி வீங்கிக் கேட்டால் எச்எஸ்5 பின்னாலுள்ள ரூம் கன்ட்ரோலை மைனஸ் 2க்குத் தள்ளிப் பாருங்கள். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கும்.

மானிட்டருக்கு ஆர்ம் வாங்குங்கள். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு வையுங்கள், இல்லையேல் பிளைவுட் நசுங்கும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு ட்வீட்டரும் கண்ணில் பட்டால் திரை மறைக்கவில்லை என்று அர்த்தம்.

ரேக் பெட்டியில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில். 19 இன்ச் என்பது முன்தகட்டின் அகலம், 482.6 மி.மீ. உள்ளே போகும் வாய் 450 மி.மீ. வாயையே 19 இன்ச்சுக்கு வெட்டிவிட்டால் கருவியின் காதுகள் பற்ற இடமில்லாமல் உள்ளே விழும். பக்கப் பலகைகளுக்கு நடுவே 486 மி.மீ. விட்டு, உள்ளே ரேக் ரெயில் பூட்டச் சொல்லுங்கள். ரேக்கின் உயர அளவான 1யூ என்பது 44.45 மி.மீ.; 4யூவுக்கு 180 உயரம். பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். சக்கரம் வைத்து வலப்பக்கம் மேசைக்கு வெளியே நிறுத்துங்கள், கால் நீட்டும் இடத்தில் வேண்டாம்.

ஒயருக்குப் பின்விளிம்பில் 60 மி.மீ. ஒயர் மேனேஜர் இரண்டு: இடது கரண்டுக்கு, வலது ஆடியோவுக்கு. குறுக்கே வர நேர்ந்தால் நேர்கோணத்தில் கடக்கட்டும். கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ் மூன்றும் எர்த் சரியாக உள்ள ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுத்தால் ஹம் (ரீங்கார இரைச்சல்) வரும் வாய்ப்பு குறையும். மொத்தச் சுமை 500 வாட்டைத் தாண்டாது. யுபிஎஸ்ஸை இன்டர்ஃபேஸிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளுங்கள். மைக்கின் பூம் கையை மேசையில் மாட்டினால் ஒவ்வொரு மவுஸ் தட்டலும் பதிவாகும். தரை ஸ்டாண்டே சரி.

பட்டறைக்குப் போகும் முன் நாற்காலியைப் பாருங்கள். கேஸ் லிஃப்ட் நாற்காலிகள் பல, நீங்கள் உட்கார்ந்த பிறகும் 45க்குக் கீழே இறங்குவதில்லை. உங்களுடையது 46ல் நின்றால் மேசை, ஸ்டாண்டு, ஸ்பீக்கர், திரை எல்லாவற்றுக்கும் 3 செ.மீ. கூட்டி, காலடியில் 3 செ.மீ. பலகை போட வேண்டும். கைப்பிடியும் தொல்லைதான்: முழங்கை உயரத்தில் இருக்கும் கைப்பிடி 64ல் உள்ள பலகைக்கு அடியில் நுழையாது, உங்களை மேசையிலிருந்து தள்ளியே வைக்கும். 62க்குக் கீழே இறங்காவிட்டால் கழற்றிவிடுங்கள். வாசிக்கும்போதும் அது இடைஞ்சலே.

பழைய கதவோ பிளைவுட் துண்டோ எடுத்து, செங்கல் அடுக்கி 66 செ.மீ. உயரத்தில் வைத்து இரண்டு மூன்று நாள் வேலை பாருங்கள். ஒரு செ.மீ. ஏற்ற இறக்கம் தேவை என்றால் அப்போதே தெரியும், செங்கலை மாற்றக் காசில்லை. மேசை வந்து எல்லாம் பூட்டியானதும், 40லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சைன் ஒலியை வழக்கமான சத்தத்தில் ஓடவிடுங்கள். எங்காவது கடகடத்தால் கையால் அழுத்தி இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் தளர்ந்த போல்ட், பலகைக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி, அல்லது ரேக்கின் காலி மூடித் தகடு. போல்டுக்கு ரப்பர் வாஷர், குழாய் மேல் 2 மி.மீ. ரப்பர் பட்டை, தகட்டுக்குப் பின்னால் ஃபெல்ட் துண்டு போட்டால் அடங்கிவிடும்.