தோள் தசைநாணில் தெரியும் வெள்ளை, கிழிசலா?

வணக்கம். எதிரொலி நேரம் (ரேடியோ துடிப்பு கொடுத்தபின் சமிக்ஞையைப் பதியக் காத்திருக்கும் நேரம்) 15 மில்லிசெகண்டில் எடுத்த தோள் எம்.ஆர்.ஐ. படத்தில் சுப்ராஸ்பைனேட்டஸ் (கையைத் தூக்க உதவும் தோள் தசை) தசைநாண் ஓரிடத்தில் வெளுத்தும், 80 மில்லிசெகண்டில் எடுத்த டி2 படத்தில் (நீர் பளிச்சென்று தெரியும் வகை) அதே இடம் கறுத்தும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். எனக்கு முதலில் தோன்றுவது கிழிசல் அல்ல, 'மாயக் கோண' விளைவு.

தசைநாணின் கொலாஜன் இழைகள் சீப்பால் வாரியதுபோல் ஒரே திசையில் கிடக்கின்றன. அவற்றை ஒட்டிய நீரின் புரோட்டான்கள் ஒன்றையொன்று குலைப்பதால் சமிக்ஞை சில மில்லிசெகண்டிலேயே அணைந்துவிடுகிறது. நாண் கறுப்பாகத் தெரிவது அதனால்தான். ஆனால், இழைகள் முதன்மைக் காந்தப்புலத்துக்குச் சுமார் 55 பாகை சாய்ந்திருந்தால் அந்தக் குலைப்பு ஏறக்குறைய சுழியமாகிவிடும். சமிக்ஞை கூடுதல் நேரம் நீடிக்கும். அதனால் அந்த இடம் 15இல் வெளுத்துத் தெரியும், 80க்குள் சமிக்ஞை அணைந்து கறுத்துவிடும். இதுதான் மாயக் கோண விளைவு. இந்த நாண் எலும்பில் சேர்வதற்குச் சற்று முன்பு வளைவது அந்தச் சாய்வில்தான். சிக்கல் என்னவென்றால், உண்மையான கிழிசலும் அங்கேயே அதிகம் வரும்!

கிழிசலில் தேங்கும் நீர் 80இலும் பளிச்சென்று தெரியும். நாண் தடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தடித்திருந்தால் நாண் நலிவாக (இழைகள் சிதைந்து பலவீனமாதல்) இருக்கலாம், கதிரியக்க மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.