எத்தனை முறைதான் இன்டர்வியூ போவது?

கேள்வி: பி.காம். முடித்து மூன்று வருடம் ஆகிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை, சென்னை என்று அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போய்க்கொண்டே இருக்கிறேன். எல்லா இடத்திலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்பதோடு சரி. சின்ன வயதில் கோடையில் ஆயாவோடு பாலாற்றில் ஊற்று தோண்டுவேன். "விடாம தோண்டு, தண்ணி வரும்" என்று ஆயா சொல்லும். அதை நினைத்துத்தான் இதுவரை தாக்குப்பிடித்தேன். இப்போது முடியவில்லை. வீட்டிலும் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள்.
- வாசகி, பள்ளிகொண்டா

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சர்டிபிகேட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டுத் திரும்பும்போது, வாசலில் உட்கார்ந்து "என்னாச்சு?" என்று கேட்பவர்களைத் தாண்டி வீட்டுக்குள் போவதுதான் பெரிய பாடு. மூன்று வருடமாக அதைச் செய்கிறீர்கள். அலுத்துப்போவதில் தப்பே இல்லை.

நானும் குடியாத்தம் பக்கம் ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அதனால் ஒன்று கேட்கிறேன். ஆயா வாயால் சொன்னது இருக்கட்டும், கையால் என்ன செய்தார் என்று ஞாபகம் இருக்கிறதா? நேராக ஆழமாகத் தோண்டினால் மணல் சரிந்து குழி மூடிக்கொள்ளும். சரிந்தால் அதே குழியோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். வாயை அகலமாக்கிச் சரிவாகத் தோண்டுவார்கள். அப்படியும் ஊறாவிட்டால் நாலடி தள்ளிப் போய் உட்காருவார்கள். முதலில் ஊறுகிற கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்த பிறகுதான் சொம்பால் மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்றுவார்கள். விடாமல் தோண்டினார் என்பது உண்மைதான். ஆனால் ஒரே குழியை அல்ல.

உங்கள் கடிதத்தில் ஒவ்வொரு கம்பெனியும் என்ன கேட்டது, எங்கே தடுமாறினீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை. அடுத்த இன்டர்வியூ முடிந்து வெளியே வந்ததும், பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து போன் செய்து, "எதில் குறை என்று சொன்னால் உதவியாக இருக்கும்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். சொல்கிற ஒருவர் போதும்.

அப்புறம், இடம் மாற்றுவது. பட்டம் இருந்தும் அனுபவம் இல்லை என்றுதான் உங்களைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வேலூரிலோ குடியாத்தத்திலோ ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உதவியாளராகச் சேர முடியுமா என்று பாருங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுக் காட்டும் 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடியில் கற்றுக்கொள்வது எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தெரியும் என்று சொல்வது வேறு, இத்தனை கடைகளுக்கு ரிட்டர்ன் போட்டேன் என்று சொல்வது வேறு.

நம் பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளில் பெரும்பாலானவை ஏற்றுமதி செய்பவை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில், கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெறும் டியூட்டி டிராபேக் எல்லாம் அங்கே தினப்படி வேலை. வெறும் அக்கவுண்ட்ஸுக்கு மனுப் போடுகிற கூட்டத்தில், ஏற்றுமதிக் காகித வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். அதைப் படித்துவிட்டு ஆம்பூருக்கு மறுபடி போங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களையும் விடாதீர்கள்.

கல்யாண விஷயம். வேலை கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தலையாட்டிவிடாதீர்கள். "ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதம் இருந்து பார்க்கிறேன், அதுவரை இந்தப் பேச்சு வேண்டாம்" என்று அப்பா அம்மாவை உட்காரவைத்துச் சொல்லுங்கள். வெறுமனே "இப்ப வேணாம்" என்றால் எந்த வீட்டிலும் எடுபடாது. கெடு சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.