மச்சத்துக்கு மரபணுப் பரிசோதனை: கைக்காசைப் போடலாமா?

கேள்வி: முதுகில் ஒரு மச்சம் சில மாதங்களாக நிறம் மாறி வருகிறது. கத்தி வைக்காமல், ஒட்டும் பட்டையால் செல்களை எடுத்து மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்கிறார் தோல் மருத்துவர். இதற்குக் காப்பீடு கிடையாதாம். அவசரத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பை எடுக்கலாமா, அடுத்த போனஸ் வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள். அந்தச் சேமிப்பு இதற்குத்தான். மெலனோமா என்ற தோல் புற்றுநோயைத் தோலின் மேலடுக்கில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடும், பரவிவிட்டால் இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை), ஸ்கேன், சம்பளமில்லாத மாதங்கள் என்று எந்தச் சேமிப்பும் தாங்காது.

சரி, பணத்தை எதில் போடுவது? பட்டையில் ஒட்டி வரும் செல்களில் பிரேம், லிங்க் 00518 என்ற இரண்டு மரபணுக்கள் இயங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் இந்த வகையில் அதிகம் பேசப்படும் பரிசோதனை. இரண்டும் இல்லையென்றால் மெலனோமாவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு, பயாப்ஸி (மச்சத்தை வெட்டி எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பது) தேவைப்படாமல் போகலாம். ஒன்று தென்பட்டாலும் பயாப்ஸி செய்தாக வேண்டும், அதாவது இரண்டு பில். அதனால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "நெகட்டிவ் வந்தால் இந்த மச்சத்தை வெட்டாமல் விட்டுவிடுவீர்களா?" கொஞ்சம் தயங்கினாலும் பரிசோதனையை விட்டுவிட்டு நேரே பயாப்ஸிக்குப் போங்கள், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுக்கிற சின்ன வேலைதான் அது. (உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் மச்சம் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டை ஒத்துவராது. கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வரும்போது பெரும்பாலும் அங்கேதான் வருகிறது என்பதால் சொல்கிறேன்.)

காப்பீடு கிடையாது என்று யார் சொன்னது? போனில் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். பரிசோதனையின் பெயரையும் குறியீட்டையும் கொடுத்து எழுத்தில் பதில் கேளுங்கள், ஏன் தேவை என்று மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள், மறுத்தால் மேல்முறையீட்டுக்கு அது உதவும். பயாப்ஸிக்குப் பாலிசி எவ்வளவு தரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ஆயுள் காப்பீடு எடுக்கும் யோசனை இருந்தால்: இது பரம்பரை மரபணுவைப் பார்ப்பதல்ல, அந்த மச்சத்தை மட்டும்தான். ஆனாலும் படிவத்தில் நிலுவையிலுள்ள பரிசோதனை பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால் பின்னாளில் உங்கள் குடும்பத்தின் கிளெய்மே நிராகரிக்கப்படலாம்.

நாளைக்கே மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். காப்பீட்டுப் பதில் தாமதமானால் அதற்காக அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.