தங்கத் தாள் ஒட்டிய ஓவியம் ஸ்கேனில் ஏன் கறுக்கிறது?

ஸ்கேனரில் பழுதில்லை. விளக்கு சாய்வாக அடிக்கிறது, சென்சார் நேராகப் பார்க்கிறது. காகிதம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். தங்கத் தாளோ கண்ணாடி மாதிரி அப்படியே மறுபக்கம் தள்ளிவிடும். சென்சாருக்கு ஒளி வராததால் சேற்றுப் பழுப்புதான் மிஞ்சும். எடிட்டிங்கில் பிரகாசத்தைக் கூட்டினால் மஞ்சள் பெயிண்ட் போலாகிவிடும்.

அதனால் ஸ்கேனருக்குப் பதில் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, எதையும் அசைக்காமல் இரண்டு படம் எடுங்கள்.

முதல் படம் நிறங்களுக்கு. இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு, அவற்றின் மேல் போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்), லென்ஸில் போலரைசர் ஃபில்டர். பளபளப்பு மறையும்வரை ஃபில்டரைத் திருப்புங்கள். தங்கம் இன்னும் கறுக்கும், கவலை வேண்டாம்.

இரண்டாவது தங்கத்துக்கு. விளக்குகள் மேலுள்ள தாள்களை மட்டும் கழற்றுங்கள் (ஃபில்டரைத் தொட்டால் ஃபோகஸ் நகரக்கூடும்). லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட பெரிய வெள்ளை அட்டையை லென்ஸில் மாட்டி, விளக்குகளை அட்டைமேல் திருப்புங்கள். தங்கம் அந்த வெள்ளையைப் பிரதிபலித்து ஒளிரும். நடுவில் கறுப்பு வட்டம் தெரிந்தால் அது லென்ஸின் பிம்பம்தான், ஓட்டையைச் சிறிதாக்குங்கள்.

பிறகு ஃபோட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் (படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் மறைப்பு) போட்டு, தங்கப் பகுதியை மட்டும் இரண்டாவது படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சாதாரண நான்கு மை அச்சில் மினுமினுப்பு வராது. அதற்கு அதே மாஸ்க்கை ஃபாயில் அச்சுக்கு (பளபளக்கும் மெல்லிய தாளை ஒட்டும் அச்சு) தனிக் கோப்பாகக் கொடுங்கள்.

கிளிட்டர் என்றால் துகளுக்குத் துகள் கோணம் மாறும். ஓவியத்தைச் சாய்த்தபடி எடுத்த ஐந்து விநாடி வீடியோவே மேல்.