மச்சம் கறுத்துப் போச்சு, கான்சரோ? வன்னிச் சனத்தின்ர கேள்வியளுக்குப் பதில்

தோல் கிளினிக்கில கனகாலம் நேர்ஸா வேலை செய்து இப்ப பென்சனில இருக்கிறன். மச்சம், மரு, ஆறாத புண் எண்டு என்ன பயம் இருந்தாலும் கேளுங்கோ எண்டு சொன்னனான், இவ்வளவு பேர் கேப்பியள் எண்டு நினைக்கேல்ல. நான் டொக்டர் இல்லை, படத்தைப் பாத்து உது கான்சர், உது இல்லை எண்டு ஆருக்கும் சொல்ல மாட்டன். எதுக்குப் பயப்பிட வேணும், எதுக்குத் தேவையில்லை, எங்க போய்க் காட்டுறது, இவ்வளவும் சொல்லலாம்.

பரந்தனில இருந்து ஒரு தங்கச்சி (27 வயசு): அக்கா முதுகில சின்னனில இருந்தே ஒரு மச்சம் இருக்கு, இப்ப கொஞ்ச நாளா பெரிசான மாதிரிக் கிடக்கு, நெட்டில வாசிச்சுப் போட்டு நித்திரையே இல்லை, அம்மாட்டயும் சொல்லேல்ல.

முதல் அம்மாட்டச் சொல்லுங்கோ பிள்ளை, முதுகை நீங்களாப் பாக்க ஏலாது, ஆராவது பாத்துத்தான் சொல்ல வேணும். பகல் வெளிச்சத்தில, பக்கத்தில ஒரு அடிமட்டம் வைச்சுப் படம் எடுக்கச் சொல்லுங்கோ. மச்சத்துக்கு நடுவால ஒரு கோடு போட்ட மாதிரி நினைச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கோ, விளிம்பு ஒழுங்கா இருக்கோ இல்லாட்டி கரைஞ்சு பரவின மாதிரி இருக்கோ, ஒரே நிறமோ இல்லாட்டி கறுப்பு, மண்ணிறம், சிவப்பு, நீலம் எண்டு கலந்து கிடக்கோ, 6 மில்லிமீற்றரை விடப் பெரிசோ எண்டு பாருங்கோ. இது எல்லாத்தையும் விட முக்கியம் மாறுதோ எண்டது. பெரிசாகிறது, கறுக்கிறது, தடிக்கிறது, சும்மா கடிக்கிறது, காரணமில்லாம ரத்தம் கசியிறது, இதுகளில ஒண்டு இருந்தாலும் காட்டத்தான் வேணும். ஒண்டும் இல்லாட்டிலும் உங்களுக்கு நித்திரை இல்லையே, அதுக்காகவே ஒருக்காக் காட்டுங்கோ. எங்கட தோல் நிறத்துக்கு மெலனோமா எண்ட மச்சக் கான்சர் வெள்ளைக்காரரை விட எவ்வளவோ குறைவு, அதோட உங்கட வயசில மச்சம் கொஞ்சம் மாறுறதில கனக்க சாதாரணமானதுதான்.

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு அண்ணை: 96இல கிளிநொச்சியால இடம்பெயரேக்க செல் விழுந்து கால் எரிஞ்சது. தழும்பு அப்பிடியே இருந்தது, இப்ப ஒரு வருசமா அதுக்க ஒரு புண், ஆறுறதும் வெடிக்கிறதுமாக் கிடக்கு. பழைய காயம்தானே எண்டு மருந்து கட்டிக்கொண்டு இருக்கிறன். இதைக் கேக்கலாமோ தெரியாது.

கேக்காம விடுறதுதான் பிழை அண்ணை. நான் எல்லாருக்கும் சொல்ல நினைச்சிருந்ததே உங்கட விசயத்தைத்தான். மச்சத்துக்குப் பயப்பிடுற சனம் பழைய தழும்பைத் திரும்பிப் பாக்கிறேல்ல. எரிகாயத் தழும்பிலயும் வருசக்கணக்கா ஆறாத புண்ணிலயும் ஒரு தோல் கான்சர் வரும், மாஜொலின் புண் எண்டு டொக்டர்மார் சொல்லுவினம், 1828இல அப்பிடிப்பட்ட புண்ணைப் பற்றி எழுதின பிரெஞ்சு சேர்ஜன்ர பேர் அது. காயம் பட்ட உடன வராது, கூடுதலா இருபது முப்பது வருசம் கழிச்சுத்தான் வரும், சிலருக்கு முந்தியும் வரலாம். கணக்குப் பாருங்கோ, 96இல பட்ட காயத்துக்கு எத்தினை வருசமாச்சு எண்டு. 2009இல எரிஞ்ச காயங்களும் இனி அந்த வயசுக்குத்தான் வருது. வன்னியில தழும்பு இல்லாத வீடு எத்தினை இருக்கும் சொல்லுங்கோ, அதாலதான் எனக்கு இந்த விசயம் நெஞ்சுக்க நிக்குது.

பயந்து போகாதையுங்கோ, தழும்பு இருக்கிற எல்லாருக்கும் இது வாறேல்ல, கொஞ்சப் பேருக்குத்தான். ஆனா தழும்புக்க புதுசா ஒரு புண் வந்து மூண்டு மாசத்துக்கு மேல ஆறாம நிண்டா, விளிம்பு தடிச்சு மேல எழும்பினா, பூக்கோவா மாதிரி சதை வளந்தா, நாத்தம், ரத்தம் இருந்தா அதை மருந்து கட்டிக்கொண்டு வைச்சிருக்கக் கூடாது. நீங்கள் ஒரு வருசமா வைச்சிருக்கிறியள். அடுத்த முறை மருந்து கட்டப் போகேக்க மருந்து கட்டுற அறையோட திரும்பி வராம டொக்டரைப் பாத்து "இது பழைய எரிகாயத்தில வந்த புண், ஒரு வருசமா ஆறேல்ல, பயொப்சி எடுக்க வேணுமோ" எண்டு நேராக் கேளுங்கோ. பயொப்சி எண்டது புண்ணில சின்னத் துண்டு வெட்டி எடுத்துச் சோதிச்சுப் பாக்கிறது. அரையில நெறி கட்டியிருந்தா அதையும் சொல்லுங்கோ. சும்மா புண் எண்டே ரிப்போட் வரலாம், வந்தாச் சந்தோசம். வேற மாதிரி வந்தாலும் பரவ முதல் வெட்டி எடுத்தா சுகமாக்கிற கான்சர்தான். இந்தக் கிழமையே போங்கோ அண்ணை, போயிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ.

அதே இடத்தில இருந்து இன்னொராள்: பொய்க்கால் உரசி அடிக்கடி புண் வருது, அதுக்கும் இதே கதைதானோ?

உரசல் புண் கூடுதலா உரசல் புண்தான் தம்பி, பொய்க்காலைச் சரியாப் பொருத்தினா ஆறும், அளவு மாறியிருந்தா மாத்தச் சொல்லிக் கேளுங்கோ. பொருத்தின பிறகும் ஒரே இடத்தில ஆறாம நிண்டா மேல சொன்ன மாதிரிக் காட்டுங்கோ.

முள்ளியவளை: அம்மாவுக்கு 63 வயசு, சீனி வருத்தம் இருக்கு. குதிக்காலில கறுப்பா ஒரு அடையாளம், முள்ளுக் குத்தினது எண்டு சொல்லுறா, வயலுக்குச் செருப்பில்லாமத்தான் போறவ.

எங்கட ஆக்களுக்கு மெலனோமா வந்தா கனபேருக்கு வாறது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழ. வெயில் படாத இடங்கள், அதால சண் கிறீம் பூசியும் இதைத் தடுக்கேலாது, வயல் வெயிலில நிண்டதால வந்தது எண்டும் இல்லை. உள்ளங்காலை ஆரும் பாக்கிறேல்ல, கண்டாலும் முள்ளு, கால் ஆணி, சீனிப் புண் எண்டு விட்டிடுவினம், அதுக்க அது ஆழமாப் போயிடும். எவ்வளவு தடிப்பா உள்ளுக்க போயிருக்கு எண்டதிலதான் எல்லாம் இருக்கு, ஒரு மில்லிமீற்றரை விட மெல்லிசா இருக்கேக்க வெட்டி எடுத்தா அனேகமானவை சுகமாயிடுவினம்.

முள்ளுக் குத்தின கறுப்பும் ரத்தம் கண்டின கறுப்பும் ரெண்டு மூண்டு கிழமையில மங்கும் இல்லாட்டி தோலோட உரிஞ்சு போகும். அப்பிடியே நிண்டாலோ, பரவினாலோ, விளிம்பு கோணல்மாணலா இருந்தாலோ விடாதையுங்கோ. அம்மா எப்பிடியும் மாசாமாசம் சீனிக் கிளினிக்குக்குப் போவா எல்லோ, காலைக் கழுவித் துடைச்சு, அங்கயே டொக்டருக்குக் குதிக்காலைக் காட்டச் சொல்லுங்கோ. கூடப் போய்க் காட்டுங்கோ, தனிய விட்டா அவ சொல்ல மாட்டா. அம்மாமார் அப்பிடித்தான்.

மல்லாவி, ஒரு தம்பி: கால் பெருவிரல் நகம் கறுத்துப் போச்சு, பந்தடிக்கேக்க மிதிபட்ட ஞாபகம், நிச்சயமாத் தெரியாது.

மிதிபட்ட ரத்தம் எண்டா நகம் வளர வளர முன்னுக்கு நகரும், அடியில நல்ல நகம் வரும். கால் நகம் முழுசா மாற ஒரு வருசம் ஒண்டரை வருசம் செல்லும், அதால மாசம் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கோ. நகராம நிண்டா, கோடு மாதிரி இருந்து அகலிச்சா, நகத்தின்ர அடித் தோலுக்கும் கறுப்பு ஏறினா உடன காட்டுங்கோ. கனக்க நகத்தில மெல்லிய மண்ணிறக் கோடு இருக்கிறது எங்கட நிறத்துக்குச் சாதாரணம், ஒரே ஒரு நகத்தில புதுசா வந்து பெருக்கிறதுதான் பயம். பாட்டுக்காரர் பொப் மார்லிக்கு வந்தது இந்த நகத்து மெலனோமாதான், 1977இல கால் விரல் நகத்துக்குக் கீழ கண்டுபிடிச்சவை, பந்தடிச்சு வந்த காயம் எண்டுதான் முதல் நினைச்சது, விரலை எடுக்க அவர் சம்மதிக்கேல்ல, 1981இல 36 வயசில செத்துப் போனார்.

ஒட்டுசுட்டான்: அன்ரி, மூக்குக்குப் பக்கத்தில இருக்கிற மச்சத்தைச் சுண்ணாம்பும் சோடாவும் வைச்சு எரிச்சா விழும் எண்டு ஒராள் சொல்லுறார், செய்யலாமோ?

வேண்டாம் பிள்ளை, தயவுசெய்து வேண்டாம். மரமுந்திரிகைப் பால், தலைமயிரால கட்டுறது, அசிட் எல்லாத்துக்கும் இதே பதில்தான். தழும்பு விழும், கண்ணுக்குக் கிட்ட எண்டா கண்ணுக்கும் ஆபத்து, அதை விட மோசம் மேல இருக்கிறது எரிஞ்சு போக அடியில இருக்கிறது மிஞ்சும், பிறகு ஆர் பாத்தாலும் அது என்னவா இருந்தது எண்டு சொல்லேலாது. வடிவுக்காக எடுக்க வேணும் எண்டாலும் தோல் டொக்டரிட்டயே போங்கோ.

செட்டிகுளம்: கத்தி பட்டா கான்சர் பரவும் எண்டு சொல்லி அப்பா பயொப்சிக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறார்.

இந்தக் கதையாலயே கனபேர் பிந்திப் போச்சினம். மச்சத்தை வெட்டிப் பாக்கிறதால கான்சர் பரவாது. பிந்திப் போய், ஏற்கெனவே பரவின பிறகு வெட்டின ஆக்களைப் பாத்துத்தான் சனம் கத்தியில பழி போட்டது. அப்பாவுக்கு நடக்கிறதைச் சொல்லி விளங்கப்படுத்துங்கோ: விறைப்பு ஊசி ஒண்டு, அது கொஞ்சம் கடுக்கும், பிறகு நோ இல்லை, மச்சத்தைச் சுத்தி கொஞ்சத் தோலோட எடுத்து ரெண்டு மூண்டு தையல், அண்டைக்கே வீட்ட வரலாம். ரிப்போட் வரக் கொஞ்சக் கிழமை செல்லும். ரிப்போட் எடுக்கப் போகாம விடுற ஆக்களும் இருக்கினம், அதை மட்டும் செய்யாதையுங்கோ.

நெடுங்கேணி: முன்னங்கையில கொசு கடிச்ச மாதிரி ஒரு பொட்டு, மூண்டு மாசமாச்சு, நோகேல்ல கடிக்கேல்ல, நடுவில காஞ்சு பொருக்கு. காட்டுப் பக்கம் வேலை. கான்சரோ அண்ணி?

கான்சராத்தான் இருக்கும் எண்டு நினைச்சு ஏங்காதையுங்கோ, லெஷ்மேனியாவா இருக்கலாம். மணல் ஈ கடிச்சு வாறது, காட்டோரம் இருக்கிற ஆக்களுக்கும் காம்பில இருந்த ஆமிக்காரருக்கும் வந்தது, வவுனியா, அனுராதபுரம் பக்கங்களில கூட. நோகாத, ஆறாத புண் எண்டது அதின்ர குணம். புண்ணில சுரண்டி எடுத்து மைக்கிறஸ்கோப்பில பாப்பினம், ஊசி மருந்து இல்லாட்டி குளிர் வைச்சு எரிக்கிறது, மாறிடும். ஆனா கண்ணால பாத்து ரெண்டையும் பிரிக்கேலாது, அதால தோல் கிளினிக்குக்குப் போகத்தான் வேணும்.

சின்னச் சின்னக் கேள்வியள், ஒண்டாச் சொல்லிப் போடுறன்.

கழுத்திலயும் கக்கத்திலயும் தொங்குற பாலுண்ணி கான்சர் இல்லை. வயசு போன ஆக்களின்ர முகத்தில வாற கறுப்புப் பொட்டுகளும் கூடுதலா ஒண்டும் செய்யாது. வெண்குட்டம் கான்சரா மாறாது, ஆனா வெளிறின படையில உணர்ச்சி இல்லை எண்டா அது குட்டநோயா இருக்கலாம், அதுக்கு இலவச மருந்து இருக்கு, முழுசா மாறும், ஒளிக்காதையுங்கோ. பிறக்கேக்க இருந்த சின்ன மச்சத்துக்குப் பயம் தேவையில்லை, உள்ளங்கையளவு, முதுகு நிறைய எண்டு பெரிசா இருந்தா பிள்ளையைத் தோல் டொக்டரிட்ட தொடர்ந்து காட்டிக்கொண்டிருங்கோ. ராசியான மச்சம், எடுக்கக் கூடாது எண்டு மாமி சொல்லுறா எண்டு கேட்ட பிள்ளை, ரத்தம் வருது எண்டும் எழுதியிருக்கிறியள், மாமியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ, டொக்டர் சொன்னாக் கேப்பா.

மாங்குளம்: எங்க போறது, எவ்வளவு முடியும்?

அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லை. கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரி ஓபிடியில காட்டி, தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கோ, கிளினிக் நாளையும் அங்கயே கேட்டு வாங்கோ, நாள் தெரியாமப் போய் பஸ் காசு போனதுதான் மிச்சம் எண்டு திரும்பி வராதையுங்கோ. கான்சர் எண்டு வந்தா கொழும்புப் பக்கம் மகரகம கான்சர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட வேணும் எண்டு இல்லை, யாழ்ப்பாணத்தில தெல்லிப்பழையில கான்சர் ஆஸ்பத்திரி இருக்கு, 2011இல தெற்கு முனை தெவிநுவரையில இருந்து வடக்கு முனை பருத்தித்துறை வரைக்கும் சனம் நடந்து காசு சேத்துக் கட்டினது.

கனகராயன்குளம்: மனுசிக்குத் தொடை மேல்ப்பக்கம் மச்சம், ஆம்பிளை டொக்டர் எண்டா காட்ட மாட்டன் எண்டுறா.

துண்டு எடுக்கேக்கயே பொம்பிளை டொக்டர் இருக்கிறாவோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டி நேர்ஸ் ஒராள் பக்கத்தில நிக்க வேணும் எண்டு கேக்கலாம், அது கேக்கக் கூடாத விசயம் இல்லை, வழமையாவே நிப்பினம். மச்சம் இருக்கிற இடத்தை மட்டும் விலத்திக் காட்டினாக் காணும், சேலையை விட பாவாடை சட்டையோட போனா லேசு. நீங்களும் கூடப் போய் வெளியில இருங்கோ.