கம்ப்யூட்டர் கேள்வி பதில்: ராத்திரி பத்து மணி பேக்கப்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: நேரம் குறித்துக் கொடுத்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்யவில்லை, இல்லாவிட்டால் தப்பான நேரத்தில் செய்கிறது. ராமநாதபுரத்தில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பிரிண்டர், வைரஸ் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி. இங்கே ஐஸ் பிளான்ட் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். தினமும் ராத்திரி 10 மணிக்குக் கணக்கு ஃபோல்டர் பென் டிரைவில் காப்பி ஆகும்படி விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டிருக்கிறேன். சில நாள் ஆகிறது, சில நாள் ஆகவில்லை. ஆன நாளிலும் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' என்ற இடத்தில் 0எக்ஸ்1 என்று வருகிறது. தெரிந்த பையன் எழுதிக் கொடுத்த பேட்ச் ஃபைலில் ரோபோகாப்பி என்ற காப்பி செய்யும் கட்டளை ஒரே ஒரு வரியாக இருக்கிறது. லேப்டாப்பில் கோளாறா, அண்ணே?

லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறதும்மா. 10 மணிக்கு அது என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வேலை முடிந்து மூடி வைத்துவிட்டுப் போனால் அது தூங்கிவிடும். தூங்குகிற மெஷினில் ஷெட்யூலர் ஓடாது.

உங்கள் டாஸ்க்கை டபுள் கிளிக் செய்து 'கண்டிஷன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். கரண்டில் ஓடினால் மட்டும் வேலையைத் தொடங்கு என்ற அர்த்தத்தில் ஒரு டிக் இருக்கும். அதற்குக் கீழேயே, பேட்டரிக்கு மாறினால் பாதியில் நிறுத்து என்று இன்னொன்று. இரண்டையும் மைக்ரோசாஃப்டே டிக் போட்டுத்தான் கொடுக்கிறது. காற்று பலமாக அடித்துக் கரண்ட் போகிற ராத்திரியில், லேப்டாப் திறந்தே இருந்தாலும் பேக்கப் நடக்காததற்கு இதுதான் காரணம். இரண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் 'வேக் தி கம்ப்யூட்டர்' என்று இருப்பதைப் போட்டால் தூக்கத்திலிருந்து எழுப்பும். ஷட் டவுன் செய்த மெஷினை அது எழுப்பாது.

அடுத்து 'செட்டிங்ஸ்' பக்கம். குறித்த நேரம் தவறிப் போனால், முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் இருக்காது, நாம்தான் போட வேண்டும். உங்களுக்கு ரொம்ப முக்கியமானது இதுதான். போட்டுவிட்டால், ராத்திரி விட்டுப்போனது காலையில் லேப்டாப்பைத் திறந்த பிறகு ஓடும். திறந்ததுமே ஓடவில்லை என்று பதற வேண்டாம். வழக்கமாகப் பத்து நிமிஷம் பொறுத்துத்தான் கிளம்பும்.

இனி அந்த 0எக்ஸ்1, அதாவது 1. பொதுவாக 0 என்றால் சுபம், 1 என்றால் வம்பு. ரோபோகாப்பி மட்டும் தனிக் குணம் உள்ளது. புதிதாக ஃபைல்களைக் காப்பி செய்து முடித்தால் அது 1 என்று சொல்லும். காப்பி செய்ய ஒன்றுமே இல்லை என்றால்தான் 0. எண் 8-ஐத் தொட்டால் ஏதோ ஃபைல் காப்பி ஆகவில்லை என்று அர்த்தம். ஆகவே உங்களுக்கு வருகிற 1 நல்ல செய்தி. அன்றைக்கு முழுக்கப் பில் போட்டுவிட்டு ராத்திரி 0 வந்தால் அப்போது கவலைப்படுங்கள். பையன் தப்பான ஃபோல்டரைக் கொடுத்திருக்கலாம்.

எந்த எண் வந்தாலும் வாரத்துக்கு ஒரு தரம் பென் டிரைவைத் திறந்து, கடைசி ஃபைலின் தேதியைப் பாருங்கள். அப்புறம், பென் டிரைவை எப்போதும் சொருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் வந்தால், சொருகி இருப்பதையும் சேர்த்துத்தான் பூட்டும். இரண்டு பென் டிரைவ் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். முதலாளி செலவு என்பார். ஒரு சீசன் கணக்குப் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

மண்டபத்திலிருந்து கல்லூரி மாணவன். எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகிற திங்கள், புதன், சனி அதிகாலை 4 மணிக்குக் கடல் நிலவரத்தை எடுத்து அப்பாவின் டெலிகிராம் குழுவுக்கு அனுப்ப, வாடகை சர்வரில், நேரம் குறித்து வேலையை ஓட்டும் க்ரானில் 0 4 * * 1,3,6 என்று வரி போட்டேன். காலை 9.30-க்கு வருகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் வராமல் இருக்க என்ன செய்வது?

ஒன்பதரைக்கு வந்தால் அப்பா கரையிலா இருப்பார், தம்பி! க்ரான் வரியில் ஐந்து கட்டங்கள்: நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை (ஞாயிறு 0). நட்சத்திரம் என்றால் எதுவானாலும் சரி. உன் சர்வரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நம் 4 மணி அங்கே முந்தின நாள் ராத்திரி 22.30. மணியை மட்டும் திருத்தினால் போதாது, கிழமையும் ஒரு நாள் பின்னால் போக வேண்டும். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி என்று 30 22 * * 0,2,5. இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கணக்குப் போட அலுப்பாக இருந்தால் சர்வரின் நேர மண்டலத்தையே ஏசியா/கொல்கத்தா என்று மாற்றி, க்ரானை ஒரு தரம் ரீஸ்டார்ட் செய்துவிடு. உன் பழைய வரி அப்படியே சரியாகிவிடும். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதை க்ரான் வரியிலேயே எழுதப் பார்க்காதே, அங்கே ஒரு பொறி இருக்கிறது. தேதி, கிழமை இரண்டு கட்டத்தையும் நிரப்பினால், இரண்டும் பொருந்தும்போது ஓடும் என்றுதான் யாரும் நினைப்போம். அது ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓடிவிடும். ஏப்ரலுக்கு 1-14 என்றும், கூடவே 1,3,6 என்றும் எழுதினால், முதல் 14 நாளும் தினமும் போகும், மாதக் கடைசி வரை எல்லாத் திங்களும் புதனும் சனியும் போகும். கிழமையை க்ரானில் வைத்துக்கொள். தேதியை ஸ்கிரிப்டின் முதல் வரியில் சோதி, தடைக்காலம் என்றால் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடச் சொல்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆன்லைன் புக்கிங்கை இறக்கும் ஸ்கிரிப்ட் லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. ஆடி அமாவாசை போன்ற கூட்ட நாளில் சர்வர் திணறி நின்றுவிடுகிறது.

கூட்ட நாளில் நெட் மந்தம். ஐந்து நிமிஷத்தில் முடிய வேண்டியது பன்னிரண்டு நிமிஷம் இழுக்கிறது. முந்தினது முடிந்ததா என்று க்ரான் கேட்காது, அடுத்ததைக் கிளப்பிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். க்ரான் வரியில் உங்கள் கட்டளைக்கு முன்னால் 'எஃப்லாக் மைனஸ் என்' சேர்த்து, ஒரு பூட்டு ஃபைலின் பெயரைக் கொடுங்கள். முதல் ஆள் உள்ளே இருந்தால் இரண்டாம் ஆள் திரும்பிப் போய்விடுவார். லினக்ஸில் க்ரானுக்கு மாற்றாக உள்ள சிஸ்டம்டி டைமருக்கு மாறினால் இந்தப் பூட்டே வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அது மறுபடி தொடங்காது.

கீழக்கரை. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் வந்த பிறகுதான் லினக்ஸில் க்ரான் வந்தது என்கிறான் மச்சான். உண்மையா, காக்கா?

மச்சான் பந்தயம் கட்டியிருந்தால் காசை வாங்கிக்கொள்ளுங்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின், 1979-இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே க்ரான் உண்டு. லினக்ஸில் பரவலான வடிவத்தை பால் விக்ஸி 1987-இல் வெளியிட்டார். விண்டோஸ் பக்கம் இதற்கு அடித்தளம் விண்டோஸ் 95-க்கான பிளஸ் பேக்கில் வந்த சிஸ்டம் ஏஜென்ட்.

தொண்டியிலிருந்து. உபுண்டு சர்வரில் 'க்ரான்டாப் மைனஸ் ஈ' அடிப்பதற்குப் பதில் 'மைனஸ் ஆர்' அடித்துவிட்டேன். எல்லா க்ரான் வரியும் போய்விட்டது. மீட்க முடியுமா?

கீபோர்டில் ஈயும் ஆரும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்று திருத்தத் திறக்கும், இன்னொன்று ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தத்தையும் அழிக்கும். இப்படி வைத்தவர்களை என்ன சொல்வது!

அழிந்த ஃபைல் திரும்பாது. ஆனால் க்ரான் ஒவ்வொரு வேலையையும் தொடங்கும்போது சிஸ்டம் லாகில் ஒரு வரி எழுதும். அதில் நேரமும் முழுக் கட்டளையும் இருக்கும். 'சிஎம்டி' என்று தேடி எடுங்கள். தினசரி வேலைகள் உடனே கிடைத்துவிடும். மாதாந்திர வேலைக்குப் பழைய லாக் இன்னும் இருக்க வேண்டும், சில வாரத்தில் அது கழிந்துவிடும். அதனால் இன்றைக்கே தேடுங்கள். எல்லாவற்றையும் திரும்ப எழுதியதும் 'மைனஸ் எல்' போட்டுப் பட்டியலை எடுத்து, வேறு மெஷினில் ஒரு காப்பி வைத்துவிடுங்கள்.