புல் இன், புல் அவுட், ஹோல்டேன்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணே,

எனக்க ஊரு கருங்கல் பக்கம். இப்ப இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன். நம்ம ஊர் லைசென்ஸ வச்சு இங்க 12 மாசம்தான் ஓட்ட முடியும், அது முடியப் போகுது. தியரி டெஸ்ட்ல 50க்கு 43 எடுக்கணும், எடுத்துட்டேன். இப்ப கஷ்டம் எல்லாம் ரோட்டுலதான். போன வாரம் இன்ஸ்ட்ரக்டர் ‘புல் இன்’னு சொன்னார், ரோட்டோரத்துக்குப் போகணும்னு அர்த்தம், நான் இண்டிகேட்டரப் போட்டு வண்டிய நடு ரோட்டுப் பக்கமா திருப்பிட்டேன், அவரு சைடுல இருக்குற பிரேக்க மிதிச்சதால ஒண்ணும் ஆகல. இப்படி ஒரு வினையோட இன், அவுட், அப் மாதிரி குட்டி வார்த்தை சேர்ந்து வர்ற ஃபிரேசல் வெர்ப் 200 இருக்குற ஒரு லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன், ஆனா சமயத்துல ஒண்ணுகூட உதவ மாட்டேங்குது. இத எப்படிப் படிக்கறது? பேரு போட வேண்டாம்.

*

தங்கச்சி,

முதல்ல அந்த லிஸ்ட்ட மடிச்சு வச்சிருங்க. புல் அப், புல் இன், புல் ஓவர், புல் அவுட் நாலையும் பக்கத்துப் பக்கத்துல போட்டுப் படிச்சா நாலும் ஒட்டிக்கிட்டுதான் வரும். இன்ஸ்ட்ரக்டர் ‘புல்’னு ஆரம்பிக்கும்போதே மூளை நாலையும் எடுத்து முன்னால வச்சிரும், அதுல எதுன்னு தேடுறதுக்குள்ள கை திருப்பிடும். உங்க மேல தப்பில்ல, லிஸ்ட் போட்ட விதம் அப்படி.

நம்ம ஊரு பஸ்ஸ நினைச்சுப் பாருங்க. படில நிக்குற கண்டக்டர் ‘ஹோல்டேன்’னு கத்துவாரு, டிரைவர் நிறுத்துவாரு. அது ‘ஹோல்ட் ஆன்’ தேஞ்சு வந்த வார்த்தைதான். ஃபிரேசல் வெர்புன்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாத நம்ம பாட்டிமாருக்குக்கூட அது புரியும், ஏன்னா அந்தச் சத்தம் கேட்டதும் பஸ் நிக்கறத அவங்க ஆயிரம் தடவ உடம்பால உணர்ந்திருக்காங்க. நீங்க பண்ண வேண்டியதும் அதுதான், வார்த்தைய அர்த்தத்தோட கட்டாம வண்டி போற போக்கோட கட்டுங்க.

கருங்கல்ல இருந்து திங்கள்நகர் வழியா நாகர்கோவில் வர்ற பஸ்ல மனசுக்குள்ள ஏறி உக்காருங்க. நீங்க ஏறுறது ‘கெட் ஆன்’. பஸ் கெளம்புறது ‘செட் ஆஃப்’. திங்கள்நகர் நெருங்க நெருங்க டிரைவர் பைய ஓட்டுறாரு, அது ‘ஸ்லோ டவுன்’. ரோட்ட விட்டு ஸ்டாண்டுக்குள்ள நுழையுது பாருங்க, அதுதான் ‘புல் இன்’. ஆளு இறங்குறது ‘கெட் ஆஃப்’. திரும்ப ஸ்டாண்ட விட்டு ரோட்டுக்கு வருதுல்ல, அது ‘புல் அவுட்’. பார்வதிபுரத்துல டிராஃபிக்ல மாட்டி நிக்கறீங்க, ‘ஹெல்ட் அப்’. ரோட்டோரத்துக்கு உள்ள போனா இன், ஓரத்த விட்டு வெளிய வந்தா அவுட், இந்த ஒரு படம் கண்ணு முன்னால நின்னா உங்களுக்கு அன்னைக்கு நடந்தது இனி நடக்காது.

‘புல் ஓவர்’ நம்ம ‘ஓரமா ஒதுக்கு’தான், போலீஸ் கைகாட்டினா செய்யறது. ‘புல் அப்’புதான் எல்லாரையும் ஏமாத்தும், ஏன்னா அதுல மேல போற விஷயமே இல்ல, வண்டிய நிறுத்துறதுன்னுதான் அர்த்தம். குதிரை ஓட்டின காலத்து வார்த்தை அது, கடிவாளத்த இழுத்துப் பிடிச்சா குதிரை நிக்கும்ல, குதிரை போயும் இழுவை மட்டும் மொழில தங்கிருச்சு. உங்க டெஸ்ட்ல இது கட்டாயம் வரும். இடது பக்கம் புல் அப் பண்ணச் சொல்லுவாங்க, சில பேருக்கு வலது பக்கம் புல் அப் பண்ணி ரெண்டு கார் நீளத்துக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுவாங்க. கடிவாளத்த நினைச்சுக்கோங்க.

இன்னொண்ணு சொல்றேன், நம்மகிட்டயும் இதே வேலை நடக்குது, தினம் பேசுறதால நமக்குத் தெரியறதில்ல. ‘இறக்கு’ன்னா மூட்டைய இறக்குறது, ‘இறக்கி விடு’ன்னா ஆள ஒரு இடத்துல கொண்டு போய் விடுறது, அதுதான் ‘டிராப் ஆஃப்’. ‘தீந்து போச்சு’ல இருக்குற ‘போ’ எங்கயும் நடந்து போகல, பெட்ரோல் ‘ரன் அவுட்’ ஆனதுல வர்ற அவுட்டும் அப்படித்தான். நம்ம விடு, போ, போடு செய்யற வேலையத்தான் அவங்க ஆஃப், அவுட், அப் வச்சு செய்யறாங்க. நாம பின்னால ஒட்டுற வினையால சொல்றத அவங்க ஒரு குட்டி வார்த்தையால சொல்றாங்க, அவ்வளவுதான். ‘என்ன இறக்கி விடுங்க’ன்னு நாம ‘என்ன’வ முதல்லயே சொல்லிருவோம், அவங்க அத நடுவுல வைப்பாங்க, ‘டிராப் மீ ஆஃப்’, ‘பிக் மீ அப்’. ‘பிக் அப் மீ’ன்னு சொன்னா தப்பு.

இதுல ரொம்ப கவனமா இருக்க வேண்டியது ரெண்டு இடம். ஒண்ணு, ‘டிராப் ஆஃப்’புக்கு கண் அசந்து தூங்கிப் போறதுன்னும் ஒரு அர்த்தம் உண்டு. நைட் டியூட்டி முடிச்சு ஃபிரெண்ட வீட்டுல விட்டுட்டு வந்தத சொல்லும்போது ‘அவள’ங்கற வார்த்தைய நடுவுல போட மறந்தீங்கன்னா, ஸ்டியரிங்க பிடிச்சுட்டே தூங்கிட்டீங்கன்னு கேக்குறவங்க பதறிருவாங்க. ரெண்டாவது, ‘ரன் இன்டு’வும் ‘ரன் ஓவர்’ரும். மார்த்தாண்டத்துல மாமாவ எதிர்பாராம பாத்தீங்கன்னா ‘ரன் இன்டு’, ‘ரன் ஓவர்’னு சொன்னா மாமா மேல வண்டிய ஏத்திட்டீங்கன்னு அர்த்தம். ரன் இன்டுவையும் வண்டி ஓட்டுற பேச்சுல பாத்துதான் சொல்லணும், போய் மோதினதுக்கும் அதே வார்த்தைதான்.

ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு ராத்திரி நான் வந்த பஸ் நின்னுட்டு, கரண்டு எடுக்குற காத்தாடி எல்லாம் இருட்டுல சுத்திட்டு இருக்கு, கண்டக்டர் ‘பிரேக்டவுன் சார், எல்லாரும் எறங்குங்க’ன்னாரு. பக்கத்துல உக்காந்திருந்த காலேஜ் பையன் ‘பிரேக் போச்சா அண்ணே’ன்னு பயந்து கேட்டான். நம்ம எழுத்துல ரெண்டும் பிரேக்தான், இங்கிலீஷ்ல மிதிக்கற பிரேக்குக்கு ஸ்பெல்லிங் வேற, உடையற பிரேக்குக்கு வேற. நடுவழில வண்டி நின்னு நீங்க உதவிக்கு வர்ற கம்பெனிக்கு மெசேஜ் அனுப்பும்போது அதப் பாத்து எழுதுங்க, பிரேக் பிடிக்கலன்னு அவங்க எடுத்துக்கிட்டா வேற மாதிரி ஆயிடும்.

கெட் ஆனா, கெட் இன்னான்னும் கண்டிப்பா சந்தேகம் வரும். பஸ்ஸு, ரயிலு, பிளேனு மாதிரி உள்ள எழுந்து நடக்க முடியற வண்டின்னா ஆன். காரு, ஆட்டோ மாதிரி குனிஞ்சு நுழைஞ்சு உக்கார்றதுன்னா இன். பைக்குல கால் போட்டு மேல உக்கார்றதால ஆன். இறங்கும்போது பஸ்ஸுக்கும் பைக்குக்கும் கெட் ஆஃப், காருக்கு கெட் அவுட்.

அடுத்த கிளாஸுக்கு இன்ஸ்ட்ரக்டர்கிட்ட ஒரு உதவி கேளுங்க, வண்டி ஓடாத காலி இடத்துல அரை மணி நேரம் அவர் ஒவ்வொண்ணா சொல்லட்டும், நீங்க அந்த வார்த்தைய வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிட்டே செய்யுங்க. புல் இன், புல் அப், மூவ் ஆஃப் (நின்ன வண்டிய கெளப்புறது), புல் அவுட், வரிசைய மாத்தி மாத்தி. நாக்கும் காலும் சேந்து பழகட்டும். டெஸ்ட் தேதி வந்ததும் எழுதுங்க தங்கச்சி.